வடக்கு எல்லை: ஆறு

உறுதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
நொத்தாரிசின் கோணல் எழுத்து, ஊதா மை.
கிழக்கே வம்மிமரம்,
மேற்கே வண்டில் பாதை,
தெற்கே அரச காணி,
வடக்கே ஆறு.

மூதூரிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கி
கருவியின் மூன்று கால்களையும் சேற்றில் ஊன்றி
வடக்கே பார்க்கிறேன்.
ஆறு இல்லை.

கழற்றியெறிந்த லாடம் போல
ஒரு தண்ணீர் கிடக்கிறது.
ஓட்டமில்லை.
ஒல்லிப்பூ, சம்புப் புல்,
கொக்கைச் சுமந்தபடி இரண்டு எருமைகள்.

"வில்லு" என்றார் பாத்துமுத்து.
"நான் கலியாணம் முடிச்சு வரக்குள்ள
இதுதான் கங்கை."

நேராகப் போக ஆற்றுக்குத் தெரியாது.
வளைவின் வெளிக்கரையில் அதற்குப் பசி,
உள்கரையில் தாராளம்.
இங்கே தின்ற மண்ணை
அடுத்த வளைவில் மணலாக வைத்துவிட்டுப் போகும்.
மாரிக்கு ஒரு முழம்.
ஒரு முழத்துக்கு யார் வழக்குப் போடுவார்கள்?

முழம் முழமாய் வளைந்து
இரு வளைவுகளும் நெருங்கி நெருங்கி
நடுவில் ஒரு கழுத்து மிஞ்சியது,
இரண்டு வண்டில் அகலம்.
அக்கரைக் கோணாமலை அதில் கச்சான் போட்டிருந்தார்.

அந்த வருசம் கச்சானைப் பிடுங்க ஆளில்லை.
பாத்துமுத்து கந்தளாயில் ஒரு கூடாரத்தில்,
கோணாமலை மட்டக்களப்பில் ஒரு கூடாரத்தில்.
செல் விழுந்த கரைகளில் மாடுகள் மட்டும்.
மார்கழியில்
மலைநாட்டு மழையெல்லாம் சேர்ந்து இறங்கிய ஓர் இரவு,
எந்த இரவென்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை,
சுற்றிப் போக அலுத்து
பாத்தியை அறுத்துக்கொண்டு நேரே போய்விட்டது.

பிறகு நடந்தது மெதுவான வேலை.
பழைய வளைவின் இரண்டு வாய்களிலும்
வண்டல் வந்து குந்தியது.
கதவு சாத்திய அறையில் போல
தண்ணீர் தெளிந்தது, சூடேறியது,
விரால் பெருத்தது.
ஆறு குளமானது.

தோணியில் வந்து சேர்ந்தார் கோணாமலை.
பொலித்தீன் பையில் அவருடைய உறுதி.
அதே நொத்தாரிசு, அதே ஊதா மை.
தெற்கு எல்லை: ஆறு.

ஆற்றுக்கும் வில்லுக்கும் நடுவே
நாக்குப் போல நீண்ட நிலம்,
ஏழு ஏக்கர், இரண்டு றூட், பதினொரு பேர்ச்சஸ்.
காகிதப்படி பாத்துமுத்துவுக்கு.
ஞாபகப்படி கோணாமலைக்கு.

"மண்ணை அவர் எடுக்கட்டும்" என்றார் பாத்துமுத்து,
"வில்லு எனக்கு."
"மண் கிடக்கட்டும்" என்றார் கோணாமலை,
"வில்லில் பாதி வேணும்."

எப்படிச் சொல்வது இவர்களுக்கு?
போன கிழமை ஆழம் பார்த்தேன்,
நடுவில் நாலு முழம்.
ஒவ்வொரு வெள்ளமும் ஒரு விரல் சேறு விட்டுப் போகிறது.
சம்பு உள்ளே நடக்கத் தொடங்கிவிட்டது.
இவர்களின் பேரப்பிள்ளைகள்
இந்த வில்லில் நெல் விதைத்து
வரப்புக்குச் சண்டை பிடிப்பார்கள்.

கொட்டியாரக் குடாவில் ஆழம் அளந்தவர்கள்
கடலுக்கடியிலும் ஒரு பள்ளத்தாக்கு
விழுந்து விழுந்து போகிறது என்கிறார்கள்.
கடல் எட்டிப் போயிருந்த காலத்தில்
இந்தக் கங்கை உழுததோ, வேறெதுவோ.
அதன் கரையிலும் யாரேனும் நின்று
எல்லை சொல்லியிருப்பார்கள்.

குறிப்புப் புத்தகத்தில்
திணைக்களத்து வழக்கப்படி
ஆறுகளை நீலத்தில் வரைய வேண்டும்.
பென்சிலால் வரைந்தேன்.
புள்ளிக் கோடு.

கோணாமலை பையிலிருந்து கச்சான் எடுத்து நீட்டினார்.
பாத்துமுத்து உடைத்துத் தின்றார்,
தோல்களை வில்லுக்குள் எறிந்தார்.
மிதந்தன. ஒரு பக்கமும் போகவில்லை.

திரும்பிக் கண்ணை வைத்தால்
காட்சி சரிந்திருக்கிறது.
கருவியின் ஒரு கால்
நாங்கள் பேசிய நேரத்தில்
இரண்டு விரல் இறங்கியிருந்தது.
திருகைத் திருகி
மட்டக் குழாய்க்குள் குமிழியை
நடுவுக்குக் கூட்டிவந்தேன்.
இந்தப் பகுதியிலேயே
சொன்ன இடத்தில் நிற்கிற தண்ணீர்
அவ்வளவுதான்.
அதுவும் மூச்சு விட்டால் ஆடுகிறது.